கடல் தாண்டியும் அடுத்த வீட்டிலும்: நற்செய்தியைப் பகிர்வது என்றால் என்ன?

நற்செய்தி அறிவிப்பது யாருடைய வேலை என்று கேட்டால், நம்மில் பலர் இரண்டு பேரைக் காட்டுவோம். ஒருவர் சபையின் போதகர். இன்னொருவர், வட மாநிலத்திலோ வெளிநாட்டிலோ பணிபுரியும் மிஷனரி. ஆண்டுக்கு ஒருமுறை சபைக்கு வந்து, படங்கள் காட்டி, ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டு திரும்பிப் போகிறவர். அவருக்காகக் காணிக்கை போடுகிறோம், ஜெபிக்கிறோம், நம் பங்கு முடிந்தது என்று நிம்மதி அடைகிறோம். மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் "ஞாயிற்றுக்கிழமை எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்டால், "எங்கேயும் இல்லை, வீட்டில்தான்" என்று சொல்லி மழுப்பிவிடுகிறோம்.

விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களையும், பல ஆண்டுகள் சபைக்குப் போய்வந்தும் இந்த விஷயத்தில் தயக்கம் தீராதவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தூர தேசத்தில் மிஷனரி செய்வதும், அடுத்த வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் ஒரே வேலைதான். மொழியும் செலவும் பயணமும் வேறுபடலாம். ஆனால் இரண்டுக்கும் உயிர் கொடுப்பது நட்பு. நட்பு இல்லாவிட்டால் பத்தாயிரம் கிலோமீட்டர் போனாலும் பயனில்லை. நட்பு இருந்தால் பத்தடி தூரத்திலேயே அந்த வேலை தொடங்கிவிடும்.

சொல்ல வேண்டிய செய்தி எது?

முதலில், பகிரப்படுவது என்ன என்று தெளிவாகத் தெரிய வேண்டும். ஆராதனை முறை, திருமணச் சடங்கு, ஆங்கிலப் பெயர், வெள்ளை உடை போன்றவை ஒரு சமூகத்தின் பழக்கங்கள். அவற்றை நற்செய்தி என்று நினைத்துக்கொண்டு அடுத்தவரிடம் கொண்டுபோகக் கூடாது. நற்செய்தி, நடந்த ஒன்றைப் பற்றிய அறிவிப்பு. கடவுள் மனிதரை அன்புடன் படைத்தார். மனிதர் அவரைவிட்டு விலகி, ஒருவரையொருவர் காயப்படுத்தி வாழ்கிறார்கள். இயேசு கிறிஸ்து நம்மைப்போல் மனிதராகி, ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் அறையப்பட்டு, நம் பாவங்களைத் தம்மேல் சுமந்து மரித்தார். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். அவரை நம்பி மனந்திரும்புகிற எவருக்கும் மன்னிப்பும் புது வாழ்வும் உண்டு. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் இதன் சாரத்தைச் சில வரிகளில் தருகிறார். புதியவர்கள் அந்தப் பகுதியை முதலில் படிப்பது நல்லது.

செய்தியை யாரும் விற்பதில்லை, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்கிறார். வேதாகமம் கிறிஸ்தவர்களைச் "சாட்சிகள்" என்று அழைக்கிறது. வழக்கை வாதாடி வெல்வது சாட்சியின் பொறுப்பு அல்ல. கண்டதையும் அறிந்ததையும் நேர்மையாகச் சொல்லிவிட்டால் அவர் கடமை முடிந்தது. "எனக்கு வேதம் அவ்வளவாகத் தெரியாதே, யாராவது கேள்வி கேட்டால் என்ன சொல்வேன்?" என்ற பயம் பெரும்பாலும், நாம் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்று நினைப்பதால் வருகிறது.

மாற்கு சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தில், கல்லறைகளில் வாழ்ந்து, யாராலும் கட்டி வைக்க முடியாமல் இருந்த ஒரு மனிதனை இயேசு குணமாக்குகிறார். குணமானவன், "உம்மோடு வருகிறேன்" என்று கெஞ்சுகிறான். ஊழியத்துக்கு முழுமனதோடு முன்வந்த அவனை இயேசு உடன் அழைத்துச் செல்லவில்லை. "நீ உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப்போய், கர்த்தர் உனக்கு இரங்கி, உனக்குச் செய்தவைகளையெல்லாம் அவர்களுக்கு அறிவி" என்று அனுப்பிவிடுகிறார். அந்த மனிதனுக்குக் கிடைத்த பணிக்களம் அவனுடைய சொந்த வீடு. அவனைப் பைத்தியக்காரனாகப் பார்த்துப் பழகிய உறவினரிடமே போகச் சொன்னார். முன்பின் தெரியாத ஊருக்குப் போவதைவிட அது கடினமாக இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

பெயர் தெரியாதவர்கள் தொடங்கிய சபை

அப்போஸ்தலருடைய நடபடிகளின் முதல் அதிகாரத்தில் இயேசு சீடர்களிடம், "எருசலேமிலும், யூதேயா முழுவதிலும், சமாரியாவிலும், பூமியின் கடைசிபரியந்தமும்" தமக்குச் சாட்சிகளாக இருப்பீர்கள் என்கிறார். பலர் இதைப் படிப்படியான பயணத் திட்டமாக எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் உள்ளூர், அது முடிந்த பிறகு வெளியூர் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் எருசலேமில் வேலை முடிந்துவிட்டது என்று யாரும் அறிவித்ததாக அந்தப் புத்தகத்தில் இல்லை. எல்லா இடங்களிலும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டிய சாட்சியைப் பற்றியே அந்த வசனம் பேசுகிறது.

எருசலேம் சபையைச் சேர்ந்த ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்ட பிறகு எருசலேமில் பெரும் துன்புறுத்தல் எழுந்தது. அப்போஸ்தலர்கள் நகரத்திலேயே இருந்தார்கள். சாதாரண விசுவாசிகள் சிதறி ஓடினார்கள். ஓடியவர்களில் சீப்புருவையும் சிரேனேயையும் சேர்ந்த சிலர் அந்தியோகியாவுக்கு வந்து, அங்கிருந்த கிரேக்கரோடும் இயேசுவைப் பற்றிப் பேசினார்கள். அதுவரை பெரும்பாலும் யூதருக்குள்ளேயே சொல்லப்பட்டுவந்த செய்தி அங்கே எல்லையைத் தாண்டியது. இவ்வளவு பெரிய திருப்பத்தை உண்டாக்கியவர்களில் ஒருவர் பெயரைக்கூட வேதாகமம் குறிப்பிடவில்லை. அகதிகளாக வந்து, பிழைக்க வழி தேடிய இடத்தில் பேசியவர்கள் அவர்கள்.

சீடர்களுக்குக் "கிறிஸ்தவர்கள்" என்ற பெயர் முதலில் வழங்கியதும் அந்த நகரத்தில்தான். பின்னர் அந்தச் சபை உபவாசித்து ஜெபித்து, பர்னபாவையும் பவுலையும் வெளித் தேசங்களுக்கு அனுப்பிவைத்தது. ஊர் ஊராகப் போன அந்தப் பெரிய மிஷனரிப் பயணங்களின் வேர், பெயர் தெரியாத சிலரின் அன்றாடப் பேச்சில் இருந்தது. வெளிநாட்டு ஊழியத்தையும் உள்ளூர்ச் சாட்சியையும் யாராவது பிரித்துப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தியோகியாதான் நினைவுக்கு வரும்.

பவுலும் முழுநேரமும் மேடையில் நின்றவர் அல்ல. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியோடு தங்கிக் கூடாரம் செய்யும் தொழிலைச் செய்தார். அந்தத் தம்பதி, பேரரசர் கிலவுதியுவின் கட்டளையால் ரோமைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள். பிற்பாடு எபேசுவில் அப்பொல்லோ என்ற நல்ல பேச்சாளரின் போதனையில் ஒரு குறை இருப்பதைக் கண்டபோது, அவரைச் சபை நடுவே திருத்தாமல் தங்களோடு சேர்த்துக்கொண்டு தெளிவாக விளக்கினார்கள். தொழில் செய்து பிழைத்த கணவனும் மனைவியும் ஒரு பிரசங்கியாருக்குப் பாடம் சொன்னார்கள்!

திருநெல்வேலியிலிருந்து தோர்ணக்கல்

நம் மண்ணில் இதற்கு ஓர் அருமையான முன்மாதிரி உண்டு. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தார். படிப்புக்குப் பிறகு வாலிபக் கிறிஸ்தவ சங்கத்தின் (ஒய்.எம்.சி.ஏ.) செயலராக ஊர் ஊராகச் சென்றார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டி மிஷனரிப் பணி நடத்துவதைக் கண்டார். அது அவரை உலுக்கியது. திருநெல்வேலிச் சபைகளோ ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மற்ற நாட்டார் அனுப்பிய மிஷனரிகளைப் பெற்றுக்கொண்டே இருந்தன. பெற்றவர்கள் எப்போது கொடுக்கப்போகிறோம் என்ற கேள்வியோடு அவர் ஊர் திரும்பினார்.

அடுத்த ஆண்டே, 1903இல், பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பணம் திருநெல்வேலிச் சபைகளுடையது, போகிறவர்களும் அந்த மண்ணின் பிள்ளைகள். பணிக்களமாக அவர்கள் தேர்ந்தெடுத்தது, நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல் பகுதி. இன்று அது தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரே நாடு என்று நாம் இன்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அன்றைய திருநெல்வேலிக்காரருக்கு அது வேறு ஆட்சி, வேறு மொழி, வேறு சாப்பாடு, வேறு தட்பவெப்பம். கப்பல் ஏறாமலே அயல்நாட்டுக்குப் போவது போன்றதுதான்.

1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோதும் அசரியா அதன் முன்னணியில் இருந்தார். ஆனால் அவரைப் பற்றி நான் மிகவும் மதிப்பது, 1909இல் அவர் எடுத்த முடிவை. மற்றவர்களைப் போகச் சொல்லிக்கொண்டிருந்தவர், பொறுப்பான பதவியை விட்டுவிட்டுத் தாமே தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போனார். தெலுங்கு கற்றார். 1912இல் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அதன் பிறகும் கிராமம் கிராமமாகப் போவதை விடவில்லை. அவர் சந்தித்த மக்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்தைச் சேர்ந்த ஏழை விவசாயக் கூலிகள்.

இடையில், 1910 ஜூனில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் கூடிய அந்தப் பேரவையில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. 35 வயதான அசரியா அங்கே எழுந்து, வெளிநாட்டு மிஷனரிகளும் இந்திய ஊழியர்களும் எப்படிப் பழகுகிறார்கள் என்பதை முகத்துக்கு நேராகச் சொன்னார். மிஷனரிகளின் தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. இனிவரும் தலைமுறைகள் அதற்கு நன்றி சொல்லும் என்றார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அரங்கில் சிலருக்குக் கோபம் வந்தது. இன்றுவரை அந்த மாநாட்டில் அதிகமாக நினைவுகூரப்படும் பேச்சு அதுவே.

அவருடைய குறை எது என்று கவனியுங்கள். கடலைத் தாண்டி வந்தவர்கள் தங்கள் பங்களா வராந்தாவைத் தாண்டவில்லை. பள்ளி கட்டினார்கள், மருத்துவமனை கட்டினார்கள், உயிரையும் கொடுத்தார்கள். ஆனால் தங்களோடு உழைத்த இந்தியரை ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட அழைக்கப் பலருக்கு மனம் வரவில்லை. நம் வீட்டுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். மாற்றுச் சமயத்தவரோ வேறு சாதியினரோ கடைசியாக நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது? சபைக்குள் சாதி பார்க்கிறவர்கள் சபைக்கு வெளியே போய் எந்த வாயால் நற்செய்தி சொல்வார்கள்? இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. தமிழ்க் கிறிஸ்தவச் சாட்சிக்குப் பெரிய தடை வெளியிலிருந்து வரும் எதிர்ப்பு அல்ல, இந்தச் சாதிப் பாகுபாடுதான்.

தோர்ணக்கல்லில் அசரியா இன்னொரு வழக்கத்தையும் ஏற்படுத்தினார். ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் தலைமேல் கை வைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று சொல்ல வேண்டும். பின்பகுதி பவுலின் வாக்கியம். எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளியும் அதைச் சொன்னார். நற்செய்தியை அறிவிப்பது ஒரு தனி வகுப்பாரின் வேலை என்ற எண்ணத்துக்கு அங்கே இடமே வைக்கப்படவில்லை.

தூர தேசத்துக்குப் போவது எப்படி நடக்கிறது?

வெளியிடத்துக்குப் போகிற மிஷனரி தன்னிச்சையாகக் கிளம்புவதில்லை. அழைப்பை உணர்ந்தவர் முதலில் தம் சபையிடம் சொல்கிறார். சபை அவரைச் சோதித்து அறிந்து, ஏதேனும் ஒரு மிஷனரி அமைப்பின் வழியாகப் பயிற்சிக்கு அனுப்புகிறது. பின்னால் நின்று ஜெபிக்கவும் பணம் அனுப்பவும் ஒரு கூட்டம் உருவாகிறது. அவர்களுக்கு மிஷனரி தவறாமல் ஜெபக் கடிதம் எழுதுகிறார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் வந்து சபைகளைச் சந்திக்கிறார்.

போகிறவர், பின்னால் நின்று தாங்குகிறவர்கள் என்ற இந்த இரண்டு பக்கமும் வில்லியம் கேரியின் கதையில் தெரியும். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷைரைச் சேர்ந்த செருப்புத் தைக்கும் தொழிலாளியாக இருந்து போதகரானவர் அவர். 1792 அக்டோபரில் கெட்டரிங் என்ற ஊரில் சிலர் கூடி ஒரு மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்று அவர்கள் தருவதாக ஒப்புக்கொண்ட மொத்தத் தொகை 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். ஆழமான சுரங்கத்துக்குள் நான் இறங்குகிறேன், நீங்கள் மேலே கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதே கேரிக்கும் அவர்களுக்கும் இருந்த உடன்பாடு என்று சங்கத்தின் செயலர் ஆண்ட்ரூ ஃபுல்லர் பின்னர் விவரித்தார். அவர் சாகும்வரை அந்தக் கயிற்றை விடவில்லை.

கேரி 1793 நவம்பரில் வங்காளம் வந்தார். பிழைப்புக்காக ஒரு அவுரித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக வேலை பார்த்தார். மகன் ஒருவன் இறந்தான், மனைவி டாரதியின் மனநலம் குலைந்தது. மிஷனரி வாழ்க்கையின் விலையைக் குடும்பமும் கொடுக்கிறது என்பதைப் புதியவர்களிடம் மறைக்கக் கூடாது. முதல் வங்காளி விசுவாசியான தச்சர் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். ஏழு ஆண்டுகளுக்கு மேலான காத்திருப்பு அது. அந்த மனிதரோடு தொடர்பு ஏற்பட்டதும் பிரசங்க மேடையில் அல்ல. அவருடைய தோள்மூட்டு விலகியபோது கேரியின் தோழரான மருத்துவர் ஜான் தாமஸ் அதைச் சரிசெய்ததிலிருந்து அந்த உறவு வளர்ந்தது.

மொழி கற்பது அடுத்த பெரிய உழைப்பு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்க், ஒரு வயதான தமிழ் ஆசிரியரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். கற்றுக்கொடுக்க வந்தவர் முதலில் குழந்தைகளின் வரிசையில் மாணவராக உட்கார வேண்டியிருந்தது. 1715க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சில் வந்துவிட்டது. அந்தப் பணிவிலிருந்து விளைந்தது அது என்பேன்.

பணம் எங்கிருந்து வருகிறது? பல சபைகளில் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதைக் காணிக்கையாகக் கொண்டுவரும் வழக்கம் உண்டு. பிடியரிசி என்று நம் ஊர்களில் சொல்வார்கள். மிசோரம் சபைகளில் இது இன்றும் ஓங்கி நிற்கிறது. 1894இல்தான் முதல் பாப்டிஸ்ட் மிஷனரிகள் காலடி வைத்த அந்த மலைநாடு, இன்று தன் பிள்ளைகளை மற்ற மாநிலங்களுக்கும் நாடுகளுக்கும் மிஷனரிகளாக அனுப்புகிறது. அதற்கான செலவில் கணிசமான பங்கு இந்தப் பிடியரிசியிலிருந்து வருகிறது. சமையலறையில் நிற்கிற தாய் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கிறார்.

இன்னொரு வகைப் பயணமும் இருக்கிறது. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் நம் செவிலியர்களும் பொறியாளர்களும் ஓட்டுநர்களும் வேலை செய்கிறார்கள். யாரும் மிஷனரி என்று அவர்களை அனுப்பவில்லை. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் போல, பிழைப்புக்குப் போன இடத்தில் விசுவாசத்தையும் கொண்டுபோனவர்கள். வளைகுடா நாடுகள் பலவற்றில் முஸ்லிம்களிடையே மதப் பிரசாரம் செய்வது சட்டப்படி குற்றம். அங்கே போகிறவர் அந்தச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். நம் துணிச்சலுக்கான விலையை உள்ளூர்க்காரர் ஒருவர் கொடுக்கும்படி நடந்துகொள்வது அன்பு ஆகாது. நேர்மையான உழைப்பும், நோயாளியிடம் காட்டும் கனிவும், கேட்டால் மட்டும் மறைக்காமல் சொல்கிற பதிலும் எந்த நாட்டிலும் சாத்தியம்.

மேற்கிலிருந்து கிழக்குக்கு மட்டும் மிஷனரிகள் போன காலம் முடிந்துவிட்டது. கொரியா, பிரேசில், நைஜீரியா, இந்தியா ஆகிய நாடுகள் இன்று பெருமளவில் அனுப்புகின்றன. தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் பணியாற்றி, மதுரையிலும் பின்னர் சென்னையிலும் தென்னிந்தியத் திருச்சபைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின் 1974இல் தம் தாய்நாடான இங்கிலாந்துக்குத் திரும்பினார். இந்தியாவில் சந்தித்ததைவிட அங்கே நற்செய்திக்கு இருந்த அலட்சியம் கடினமானது என்று உணர்ந்தார். தம் சொந்த நாடே பணிக்களம் என்று எழுதியும் பேசியும், பர்மிங்ஹாமின் ஏழ்மையான பகுதியில் ஒரு சிறு சபையைக் கவனித்தும் எஞ்சிய காலத்தைச் செலவிட்டார்.

வீட்டிலும் வேலையிடத்திலும்

கப்பலோ விமானமோ ஏறாத நாம் எங்கே தொடங்குவது? ஜெபத்தில் தொடங்கலாம். அன்றாடம் சந்திக்கிற சிலரைப் பெயர் சொல்லி ஜெபத்தில் நினைவுகூரத் தொடங்கினால், அவர்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. அவர்கள் முகத்தில் சோர்வு தெரிகிறது, மருத்துவமனை அலைச்சல் தெரிகிறது, பிள்ளையின் தேர்வுக் கவலை தெரிகிறது. நாமாகவே கேட்கத் தொடங்குகிறோம். கேட்பதற்கு நேரம் ஒதுக்காதவர் சொல்வதற்கு உரிமை கோர முடியாது.

வாழ்க்கை சரியாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றலாம். ஆனாலும் சொல்கிறேன். தரங்கம்பாடியில் வசித்த ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடியும் முறைகேடும் தம் பணிக்குத் தடையாக இருப்பதைச் சீகன்பால்க் கண்டு வருந்தினார். அலுவலகத்தில் பொய்க் கணக்கு எழுதுகிறவர், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குச் சம்பளத்தை இழுத்தடிப்பவர், குடும்ப ஜெபம் முடிந்த கையோடு மருமகளை ஏசுகிறவர் என்ன சொன்னாலும் அது காதில் ஏறாது.

அதே சமயம், "என் வாழ்க்கையே பேசும், நான் வாய் திறக்கத் தேவையில்லை" என்பதையும் நான் ஏற்கவில்லை. நல்லவராக வாழ்கிற ஒருவரைப் பார்த்து, அவர் நல்லவர் என்றுதான் மற்றவர் முடிவு செய்வார். இயேசுவைப் பற்றி யாராவது சொன்னால்தான் தெரியும். பேதுரு தம் முதல் நிருபத்தில் இரண்டையும் சேர்த்தே கேட்கிறார். நம்மில் இருக்கும் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்கிறார். கேட்கத் தூண்டும் வாழ்க்கை, கேட்டவருக்குச் சொல்ல ஆயத்தமான வாய், கேட்டவரை மதிக்கிற தொனி, மூன்றும் வேண்டும்.

ஆயத்தம் என்றால் என்ன செய்வது? உங்கள் சொந்த அனுபவத்தை இரண்டு மூன்று நிமிடங்களில் சொல்லிப் பாருங்கள். கிறிஸ்துவை எப்படி அறிந்தீர்கள், அவர் உங்களுக்கு யார், இப்போதும் எதில் போராடுகிறீர்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அதிர வைக்கும் கதை ஏதும் இருக்காது. பரவாயில்லை, இருப்பதைச் சொன்னால் போதும். சபைக்குள் மட்டும் புரியும் பேச்சைத் தவிர்த்து, அண்டை வீட்டு அக்காவிடம் வழக்கமாகப் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால், "தெரியவில்லை, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள், மறக்காமல் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது உரையாடல் பல சமயம் முதலாவதைவிட ஆழமாக இருக்கும்.

துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம், "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று அனுமதி கேட்டுவிட்டு ஜெபிப்பதை இதுவரை பெரும்பாலோர் அன்பாகவே ஏற்றுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ள வேண்டும். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கலாம், மருத்துவமனையில் இரவு துணைக்கு இருக்கலாம். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, சுவிசேஷத்தை மாத்திரமல்ல, "எங்கள் ஜீவனையும் உங்களுக்குக் கொடுக்க மனதாயிருந்தோம்" என்கிறார். அசரியா எடின்பரோவில் கேட்டதும் இதையேதான்.

தாண்டக் கூடாத கோடுகள்

இந்திய அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, ஒருவர் தம் சமயத்தை ஏற்கவும் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது தம் கொள்கைகளை எடுத்துச்சொல்லும் உரிமையே, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாயம், மோசடி, ஆசைகாட்டுதல் மூலம் மதம் மாற்றுவதற்கு எதிராகப் பல மாநிலங்களில் தனிச் சட்டங்களும் இருக்கின்றன. அங்கே பணிசெய்கிறவர்கள் அந்தச் சட்டங்களைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டத்துக்கு அப்பாலும் கிறிஸ்தவ மனசாட்சி ஒன்று இருக்கிறது. 2011இல் உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் சமய உரையாடல் அவையும், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பும் சேர்ந்து, பல சமயச் சூழலில் சாட்சி பகிர்வது குறித்து ஒரு வழிகாட்டு அறிக்கையை வெளியிட்டன. ஏமாற்றும் வழிகளும், ஏழ்மையைப் பயன்படுத்தி ஆசைகாட்டுவதும் நற்செய்திக்குத் துரோகம் என்ற நிலைப்பாடு அதில் தெளிவாக இருக்கிறது. இதில் எனக்கும் முழு உடன்பாடு. உதவி தேவைப்படுகிறவருக்கு உதவ வேண்டும், அவர் கிறிஸ்துவை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும். பெற்றோருக்குத் தெரியாமல் குழந்தைகளிடம் இதைப் பேசக் கூடாது. அடுத்தவர் வணங்கும் தெய்வங்களைப் பழித்துப் பேசுவது வெறும் அகங்காரம். பவுல் அத்தேனே நகரத்தில் சிலைகளைப் பார்த்து மனம் வைராக்கியம் அடைந்தாலும், பேச எழுந்தபோது அந்த மக்களின் பக்தியைக் குறிப்பிட்டுத்தான் தொடங்கினார்.

நட்பைத் தூண்டிலாகப் பயன்படுத்துவதும் இந்தக் கோட்டுக்கு வெளியேதான் வருகிறது. "இவர் இனி வரமாட்டார்" என்று தெரிந்ததும் ஒருவரோடு பேச்சைக் குறைத்துக்கொள்கிறோம் என்றால், தொடக்கத்திலிருந்தே அது நட்பாக இருக்கவில்லை. நண்பர் கடைசிவரை நம் விசுவாசத்தை ஏற்காமல் போகலாம். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் நாம் அப்போதும் போகிறோம்.

ஒருநாள் அவரே, "உங்கள் சபைக்கு ஒருமுறை வந்து பார்க்கலாமா?" என்று கேட்கக்கூடும். அப்போது வாசல்வரை வந்து கூட்டிப்போங்கள், பக்கத்தில் உட்காருங்கள், பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்துக் கொடுங்கள். திருவிருந்து நேரத்தில் என்ன நடக்கிறது, அவர் இருந்த இடத்திலேயே இருந்தால் போதும் என்று முன்கூட்டியே மெதுவாகச் சொல்லிவிடுங்கள். ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி எழுந்து நிற்க வைக்க வேண்டாம் என்று போதகரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆராதனை முடிந்ததும் உங்கள் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போடுங்கள். அவர் மனதில் எழுந்த கேள்விகளை அங்கே, சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்.